ஓடலாமா, நிற்கலாமா? மென்பந்தாட்டத்தில் ஓட்ட விதிகளும் நடுவர் தீர்ப்பும்



இன்றைய பேச்சில் ஓர் ஆட்டத்தின் விதிகளை நாம் அறிந்துகொள்ளப் போகிறோம். "விளையாடுகிற பிள்ளைகளுக்கு விதி தெரிந்தால் போதாதா? மரம் வெட்டிவிட்டும் பழம் பொறுக்கிவிட்டும் வீடு திரும்புகிற பெற்றோர்களுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முதலில் அதற்குப் பதிலைச் சொல்லிவிடுவோம்.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே பல பள்ளிகளில் 'போலா லிசுட்' என்று மலாய் மொழியில் சொல்லப்படும் ஆட்டம் நடைபெறுகிறது. ஆங்கிலத்தில் அது சாஃப்ட்பால். நாம் மென்பந்து என்கிறோம். நன்றாக ஓடவும் குறிபார்த்து எறியவும் தெரிந்த பிள்ளை, அதிலும் குறிப்பாகப் பெண்பிள்ளை, இந்த ஆட்டத்தில் விரைவாக முன்னுக்கு வரலாம். பள்ளி அணியிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தேசியப் பள்ளிப் போட்டி என்று ஏணிப்படி இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் தேடும் மாணவர்களுக்குக் கணக்கிடப்படும் 100 புள்ளிகளில் 90 கல்வித் தேர்ச்சிக்கும் 10 புறப்பாட நடவடிக்கைகளுக்கும் என்று வகுத்திருப்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

இப்படிப்பட்ட நல்ல வாய்ப்பு சில வேளைகளில் ஒரே ஒரு மாலைப்பொழுதில் கெட்டுப்போகிறது. பிள்ளை ஓடி வருகிறாள். நடுவர் கையை உயர்த்தி 'அவுட்' என்கிறார். திடலின் ஓரத்தில் நிற்கும் தகப்பனாருக்கோ அவள் முன்கூட்டியே வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. 'நம் பிள்ளை என்பதால்தான் இப்படிச் செய்கிறார்கள்' என்ற எண்ணம் மனத்தில் புகுந்துவிடுகிறது. அங்கேயே சத்தம் போடுகிறார். வீட்டுக்கு வந்ததும், "நாளையிலிருந்து நீ விளையாடப் போக வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். பிள்ளையின் கையிலிருந்து ஒரு கதவின் சாவியை நாமே பிடுங்கி எறிந்ததுபோல் ஆகிவிடுகிறது.

எல்லாத் தீர்ப்பும் சரியானது என்று நாம் சொல்லவில்லை. நடுவரும் மனிதர்தாம். ஆனால் எந்தத் தீர்ப்பு விதிப்படி சரி, எது சந்தேகத்துக்குரியது, எதைக் கேட்கலாம், யார் கேட்கலாம் என்று நமக்குத் தெரிந்திருந்தால், வீண் கோபமும் வராது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டுவிடவும் மாட்டோம். ஆகவே விதிகளுக்குப் போவோம்.

மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஒரு படகுக் கழகத்தின் கூடத்துக்குள் தொடங்கியது. குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைக் கயிற்றால் கட்டிப் பந்தாக்கி, ஒரு கம்பால் அடித்து ஆடினார்களாம். மென்பந்து என்ற பெயர் வந்தாலும், இன்று ஆடும் பந்து மென்மையானது அன்று. சுற்றளவு சுமார் 30 சென்டிமீட்டர். மேலே பட்டால் நன்றாக வலிக்கும். ஓர் அணிக்கு 9 பேர். ஆட்டம் 7 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணியில் 3 பேர் அவுட் ஆனதும் மற்ற அணி அடிக்க வரும்.

திடலில் ஒரு சதுரத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதன் ஒரு மூலை, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட். மற்ற மூன்று மூலைகளும் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் இடையே 60 அடி. அடிப்பவர் பந்தை அடித்துவிட்டு இந்த மூன்று மூலைகளையும் வரிசையாகத் தொட்டு, மீண்டும் ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஓர் ஓட்டம். பாதி வழியில் ஒரு பேஸில் நின்று இளைப்பாறலாம். பேஸைத் தொட்டுக்கொண்டு நிற்கும்வரை பொதுவாக அவருக்கு ஆபத்து இல்லை. நம் ஊர்க் கிளித்தட்டில் கோட்டைத் தாண்டும்போதுதான் ஆபத்து அல்லவா? அதுபோல இங்கே ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவேதான் ஆபத்து.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். கிரிக்கெட்டில் அடித்தவர் விருப்பமிருந்தால் ஓடுவார், இல்லையென்றால் நிற்பார். மென்பந்தில் பந்து எல்லைக்கோடுகளுக்குள் விழுந்துவிட்டால் அடித்தவர் ஓடியே தீர வேண்டும். பெரும்பாலான சச்சரவுகளுக்கு இந்தக் கட்டாயந்தான் வேர்.

அதை இப்போது பார்ப்போம். முதல் பேஸில் ஒரு பிள்ளை நிற்கிறாள். அடிப்பவள் பந்தைத் தரையில் உருட்டி அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடி வருகிறாள். ஒரு பேஸில் ஒருவர்தான் நிற்க முடியும். ஆகவே அங்கே நின்றவள் இடத்தைக் காலி செய்துகொண்டு இரண்டாம் பேஸுக்கு ஓட வேண்டும். பால் நிறுக்கும் கொட்டகையில் வரிசையாக நிற்கிறோம். பின்னால் வருகிறவருக்கு நாம் நிற்கும் இடம் வேண்டுமென்றால் நாம் முன்னே நகர்ந்துதான் ஆக வேண்டும். அதுபோலத்தான் இது. இதைக் 'கட்டாய ஓட்டம்' என்று வைத்துக்கொள்வோம். கட்டாய ஓட்டத்தில் ஓடுபவரை அவுட் ஆக்க அவரைத் தொட வேண்டியதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் போய்ச் சேர வேண்டிய பேஸை அவருக்கு முன்னே மிதித்தால் போதும்.

இதற்கு மாறாக, முதல் பேஸ் காலியாக இருக்கிறது. இரண்டாம் பேஸில் மட்டும் ஒரு பிள்ளை நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தவள் முதல் பேஸுக்குத்தான் வருகிறாள். இரண்டாம் பேஸில் நிற்பவளை யாரும் தள்ளவில்லை. அவள் ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். தானாக ஓடினால் அவளைப் பந்து உள்ள கையாலோ, பந்து உள்ள கையுறையாலோ தொட வேண்டும். வெறுமனே பேஸை மிதித்தால் அவள் அவுட் ஆகமாட்டாள். பந்து வலக்கையில் இருக்க, வெறுங்கையுறையால் தொட்டாலும் செல்லாது. தொட்டபோது பந்து நழுவிக் கீழே விழுந்தாலும் செல்லாது.

ஆகவே, "அவளைத் தொடவே இல்லையே, எப்படி அவுட்?" என்று கேட்கும் முன், அவள் கட்டாயத்தில் ஓடினாளா என்று பின்னால் எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுக்குப் பின்னால் உள்ள பேஸ்களெல்லாம் நிரம்பியிருந்தால் கட்டாயம். நடுவில் ஒன்று காலியாக இருந்தாலும் கட்டாயம் இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. அடித்துவிட்டு ஓடிவரும் பிள்ளை முதலில் அவுட் ஆகிவிட்டால், தள்ளுகிறவர் இல்லாமல் போய்விடுகிறார். அந்த நொடியிலிருந்து முன்னால் ஓடுபவருக்குக் கட்டாயம் நீங்கிவிடுகிறது. பிறகு அவரைத் தொட்டுத்தான் அவுட் ஆக்க முடியும்.

கணக்குப் பலகையைப் பார்த்து வரும் சண்டைக்கும் இதே விதிதான் விடை தருகிறது. மூன்றாவது அவுட் கட்டாய ஓட்டத்தில் நிகழ்ந்தால், அல்லது அடித்தவர் முதல் பேஸைச் சேருமுன் நிகழ்ந்தால், அதே ஆட்டத்தில் வேறொருவர் அதற்கு முன்பே ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தாலும் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. "எங்கள் பிள்ளை முதலிலேயே வந்துவிட்டாளே!" என்று வாதாடிப் பயனில்லை.

அடுத்தது, உயரப் போன பந்து. அடித்த பந்தைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேஸ்களில் நிற்பவர்கள் நிலை என்ன? பந்து தடுப்பவரின் கையில் படும் நொடிக்கு முன் அவர்கள் பேஸை விட்டு ஓடியிருந்தால், திரும்பி வந்து பழைய பேஸைத் தொட வேண்டும். திரும்புவதற்குள் பந்து அந்தப் பேஸுக்கு வந்துவிட்டால் அவரும் அவுட். ஒரே அடியில் இரண்டு பேர் போவது இப்படித்தான். புத்தியுள்ள பிள்ளை பேஸிலேயே காலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பந்து கையில் பட்டதும் பாய்ந்து ஓடுவாள். தூரத்தில் பிடிக்கப்பட்ட பந்து திரும்பி வருவதற்குள் மூன்றாம் பேஸிலிருந்து ஹோம் பிளேட்டை அடைந்து ஓட்டம் எடுத்துவிடுவாள்.

இங்கே ஒரு தந்திரத்துக்கு வழி இருந்தது. முதல், இரண்டாம் பேஸ்களில் ஆட்கள் நிற்கிறார்கள். பந்து பக்கத்திலேயே உயரப் போகிறது. பிடித்துவிடுவார்கள் என்று ஓடுபவர்கள் பேஸிலேயே நிற்கிறார்கள். தடுப்பவரோ வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டு, உடனே எடுத்து, கட்டாய ஓட்டத்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கிவிடலாம் அல்லவா? இந்தச் சூழ்ச்சியைத் தடுக்கவே 'இன்ஃபீல்டு ஃபிளை' என்ற விதி வந்தது. இரண்டு அவுட் ஆகாத நேரத்தில், முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ஆட்கள் இருக்கும்போது, எளிதாகப் பிடிக்கக்கூடிய பந்து உள்வட்டத்தில் உயர்ந்தால், பந்து காற்றில் இருக்கும்போதே நடுவர் அடித்தவரை அவுட் என்று அறிவித்துவிடுவார். பந்து கீழே விழுந்தாலும் அவர் அவுட்தான். ஓடுபவர்களுக்குக் கட்டாயம் இல்லை. இதைக் கேட்டுச் சிலர், "பிடிக்கவே இல்லை, அவுட் என்கிறாரே" என்று கொதிப்பார்கள். உண்மையில் இந்த விதி அடிக்கும் அணியைக் காப்பாற்றவே உள்ளது.

முதல் பேஸுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அடித்தவர் அதைத் தொட்டுவிட்டு வேகத்தில் தாண்டி ஓடினாலும் குற்றமில்லை. இரண்டாம் பேஸை நோக்கிப் போக முனையாமல் திரும்பி வந்துவிட வேண்டும். மற்ற பேஸ்களில் தாண்டி ஓடினால், தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். முதல் பேஸில் வெள்ளையும் ஆரஞ்சுமாக இரண்டு பலகைகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை, பந்தைப் பிடிப்பவருக்கு. ஆரஞ்சு, ஓடி வருபவருக்கு. இருவரும் மோதிக் கால் உடையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

வேறு சில விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வேகமாக எறியும் ஆட்டத்தில், பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்பும்வரை ஓடுபவர் பேஸை விட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் அவுட். முன்னால் ஓடுபவரைப் பின்னால் வருபவர் தாண்டினால், தாண்டியவர் அவுட். தொடுவதிலிருந்து தப்பத் தம் பாதையிலிருந்து 3 அடிக்கு மேல் விலகி ஓடினாலும் அவுட். அடித்த பந்தைப் பிடிக்க முனைபவரை ஓடுபவர் இடித்தால் தவறு ஓடுபவருடையது. கையில் பந்தில்லாத தடுப்பவர் வழியை மறித்தால் தவறு தடுப்பவருடையது.

வானொலியில் படம் காட்ட முடியாது. ஆகவே நடுவரின் சைகைகளை நீங்களே செய்து பாருங்கள். வலக்கையை முஷ்டியாக்கி உயர்த்துங்கள்: அது அவுட். இரு கைகளையும் உள்ளங்கை கீழே பார்க்க, பக்கவாட்டில் நீட்டுங்கள்: அது சேஃப். இரு கைகளையும் தலைக்கு மேல் விரித்து உயர்த்தினால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. பந்து கோட்டுக்கு உள்ளே என்றால் நடுவர் வாய் திறக்காமல் உள்பக்கம் கையைக் காட்டுவார். வெளியே என்றால் 'ஃபவுல்' என்று உரக்கச் சொல்வார். இடக்கையை முஷ்டியாக்கிப் பக்கவாட்டில் நீட்டியபடி ஆட்டத்தைத் தொடர விட்டால், யாரோ தவறு செய்துவிட்டார்கள், முடிவை ஆட்டம் நின்றதும் சொல்வார் என்று பொருள். அவர் சும்மா நிற்கிறார் என்று எண்ணிவிடக்கூடாது.

இனி, மிக அதிகமாகச் சண்டை வரும் இடத்துக்கு வருவோம். முதல் பேஸில் கால் முதலில் பட்டதா, பந்து முதலில் வந்ததா? ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் நடுவருக்கு ஒரு பயிற்சி தருகிறார்கள். கண்ணைப் பேஸின் மேல் வைத்து, காலைப் பார்க்க வேண்டும். பந்து கையுறையில் விழும் ஓசையைக் காதால் கேட்க வேண்டும். அருகில் நிற்பதால் ஓசை அவருக்கு உடனே கேட்கிறது.

திடலின் மறுகோடியில் நிற்கும் நமக்கோ நிலைமை வேறு. தூரத்தில் ஒருவர் கோடரியால் மரம் வெட்டுவதைப் பார்த்திருப்போம். கோடரி மரத்தில் இறங்குவது முதலில் தெரியும். சத்தம் பிறகுதான் வரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. நாம் 70 மீட்டர் தள்ளி நின்றால், கையுறையின் ஓசை நம்மை வந்தடைய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் பிள்ளை அதற்குள் ஒரு மீட்டருக்கும் மேல் வந்துவிடுவாள். அது ஒரு முழு எட்டு! ஆகவே கால் முதலில் பட்டதாகவும் பந்து பிறகு வந்ததாகவும் நாம் நிச்சயமாக நம்புவோம். நாம் பொய் சொல்லவில்லை. நடுவரும் பொய் சொல்லவில்லை. நின்ற இடந்தான் வேறு.

நடுவர் தானாகச் சொல்லாத தீர்ப்பும் ஒன்று உண்டு. ஓடுபவர் ஒரு பேஸைத் தொடாமல் தாண்டிவிட்டால், நடுவர் பார்த்தும் பேசாமல் இருப்பார். எதிரணி அடுத்த பந்து எறியப்படும் முன் முறையிட்டால்தான் அவுட் என்பார். முறையிடாவிட்டால் அந்தத் தவறு மறைந்துபோகும். இதனால் ஒலிம்பிக்கிலேயே ஓர் ஆட்டத்தின் முடிவு மாறியிருக்கிறது.

1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில்தான் மகளிர் மென்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஜூலை 26ஆம் நாள் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மோதின. ஐந்தாம் சுற்றில் அமெரிக்காவின் டேனி டைலர் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். வேலியைத் தாண்டிவிட்டால் அவசரமே இல்லை. நிதானமாகச் சுற்றி வந்து எல்லாப் பேஸ்களையும் தொட்டால் போதும். ஆனால் மகிழ்ச்சியில் தோழியரின் கைகளைத் தட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் ஹோம் பிளேட்டை மிதிக்காமல் தாண்டிவிட்டார். ஆஸ்திரேலிய அணி அதைக் கண்டு முறையிட்டது. நடுவர் அவுட் என்றார். ஓட்டம் போயிற்று. ஏழு சுற்றுகள் முடிந்தும் இரு அணிகளுக்கும் ஓட்டமில்லை. பத்தாம் சுற்றில் அமெரிக்கா 1 ஓட்டம் எடுத்தது. ஆஸ்திரேலியாவின் ஜோவேன் பிரவுன் வேலிக்கு வெளியே அடித்து 2 ஓட்டங்கள் பெற்றுத் தந்தார். ஆஸ்திரேலியா 2-1 என வென்றது.

அந்த நடுவரின் தீர்ப்பில் கருணை இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒலிம்பிக் வீராங்கனைக்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கும் விதி ஒன்றுதான். அந்தச் சமத்துவத்தை நாம் விரும்ப வேண்டும். நமக்கு எதிராக வரும்போதும் விரும்ப வேண்டும். அமெரிக்க அணி அதோடு துவண்டுவிடவில்லை. தொடர்ந்து ஆடி, அதே போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது.

நடுவர் உண்மையிலேயே தவறினால்? அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மென்பந்தின் உறவான பேஸ்பாலில், 2010ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர் 26 பேரையும் முதல் பேஸை அடைய விடாமல் அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒருவரை வீழ்த்தினால் எவருக்கும் எளிதில் வாய்க்காத சாதனை. இருபத்தேழாவது ஆள் முதல் பேஸில் தெளிவாகவே அவுட். ஆனால் ஜிம் ஜாய்ஸ் என்ற நடுவர் சேஃப் என்று சொல்லிவிட்டார். கலராகா புன்னகை செய்துவிட்டு மீண்டும் பந்தெறியப் போனார். ஆட்டம் முடிந்து படத்தைப் பார்த்த ஜாய்ஸ், தாம் தவறு செய்ததை எல்லோரும் அறியச் சொன்னார். மறுநாள் ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர் பட்டியலை அதே நடுவரிடம் கொடுக்கக் கலராகாவே வந்தார். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2014 முதல் அந்த நாட்டுப் பெரிய போட்டிகளில் இத்தகைய தீர்ப்புகளைப் படம் பார்த்துத் திருத்தும் முறை விரிவாக்கப்பட்டது. நம் பள்ளித் திடல்களில் அந்த வசதி இல்லை. நடுவரின் கண்ணும் காதுந்தான் உண்டு.

அப்படியானால் நாம் வாய்மூடி இருக்க வேண்டுமா? இல்லை. முறை இருக்கிறது. கால் முதலில் பட்டதா, தொட்டாரா தொடவில்லையா என்பது போன்ற கண் முடிவை எதிர்த்து வழக்காட முடியாது. ஆனால் நடுவர் விதியையே தவறாகப் பயன்படுத்தினால், உதாரணமாகக் கட்டாயமில்லாத ஓட்டத்தில் பேஸை மிதித்ததற்கே அவுட் கொடுத்தால், அணியின் பொறுப்பாசிரியரோ தலைவரோ அடுத்த பந்து எறியப்படும் முன் மரியாதையாக எதிர்ப்பைத் தெரிவிக்கலாம். பெற்றோர் திடலுக்குள் இறங்கக்கூடாது. சந்தேகத்தை ஆசிரியரிடம் சொல்லுங்கள். தோட்டத்திலும் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்திலும் உள்ள பெற்றோர்களுக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்வது இதுதான்: விதியைப் பிடித்துப் பேசுங்கள், ஆளைப் பிடித்துப் பேசாதீர்கள்.

இன்னொரு யோசனையும் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுக்கு அருகிலுள்ள திடலில் நான்கு பழைய சாக்குகளை மடித்து மூலைக்கு ஒன்றாகப் போடுங்கள். மெல்லிய ரப்பர் பந்து போதும். பிள்ளைகள் ஆடட்டும், அம்மாவோ அப்பாவோ நடுவராக நிற்கட்டும். கண் பேஸில், காது கையில். பத்து முறை தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள். அந்த வேலை எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும். ஆர்வம் வந்தால் வளர்ந்த பிள்ளைகள் நடுவர் பயிற்சிக்கும் போகலாம். தீர்ப்புச் சொல்லும் இடத்திலும் நம்மவர்கள் நிற்கட்டுமே.

2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் மென்பந்து இடம்பெறுகிறது. அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, நடுவர் கை உயர்ந்ததும், "ஏன் அவுட்?" என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை நீங்கள் சரிபார்க்க முடிந்தால் இந்தப் பேச்சு பயன்பட்டது என்று மகிழ்வோம்.